ஒரு சொட்டுச் சந்தேகம்

கதை எழுதுகிறவர்களுக்கு ரத்தத்தின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. கதாநாயகன் லாரியில் அடிபட்டால் போதும்; ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உடனே ரத்தம் வேண்டும்" என்பார். அதுவரை ஜன்மப் பகையாக இருந்த தம்பி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வருவான். "என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர்!" அடுத்த அத்தியாயத்தில் அண்ணன் கண் விழிப்பான், பாகப்பிரிவினை வழக்கு வாபஸ் ஆகிவிடும். நானே என் கதைகளில் இப்படி மூன்று பேரைப் பிழைக்க வைத்திருக்கிறேன். தம்பியின் ரத்தம் அண்ணனுக்குச் சேருமா என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கூடப் பிறந்தவன் ரத்தம் சேராமல் போய்விடுமா என்ன?

போய்விடும். அதைத் தெரிந்துகொண்டது 1971-ஆம் வருஷம். தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு பெருமைப்படத் தக்கதல்ல.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதை சுமாராகத்தான் போய்க்கொண்டிருந்தது. பதினெட்டாவது வாரத்தில் எனக்கே அலுப்புத் தட்டிவிட்டது. "ஏதாவது ஒரு திருப்பம் வேண்டுமே, ஸார்" என்று பத்திரிகையிலிருந்து டெலிபோன் வேறு. அன்று மாலை என்னோடு சீட்டாட வந்த டாக்டர் நண்பர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: "தாய் தகப்பன் இரண்டு பேரும் ஓ பிரிவு ரத்தமாக இருந்தால் குழந்தையும் ஓ-வாகத்தான் இருக்க வேண்டும். வேறு எதுவாக இருந்தாலும் தகப்பன் வேறே ஆள்தான்." சொல்லிவிட்டு அவர் ஜோக்கரை இறக்கினார். நான் ஆட்டத்தில் தோற்றேன். ஆனால் பத்தொன்பதாவது அத்தியாயம் கிடைத்துவிட்டது!

குழந்தை மாமரத்திலிருந்து விழுகிறது. ஆஸ்பத்திரியில் மூன்று பேர் ரத்தத்தையும் பார்க்கிறார்கள். அப்பா ஓ, அம்மா ஓ, குழந்தை பி. கதாநாயகன் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் படியிறங்கி மழையில் நடந்து போகிறான். 'தொடரும்.' எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்த வாரம் வந்த கடிதங்கள் அதற்கு முந்தைய பதினெட்டு வாரங்களுக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம்.

அவற்றில் ஒன்று தஞ்சாவூர்ப் பக்கத்துத் தபால் முத்திரையோடு வந்தது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள். சீரான கையெழுத்து. எழுதியவர் ஒரு குடும்ப ஸ்திரீ. அவர் வீட்டில் நான்கு வருஷமாக அந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். கணவர் உரக்கப் படிப்பார், இவர் சமையலறையிலிருந்து கேட்பார். போன வருஷம் அவர்கள் பையனுக்குச் சைக்கிளில் அடிபட்டபோது, ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ரத்தம் பார்த்துச் சீட்டுக் கொடுத்தார்களாம். அவருக்கு ஓ, கணவருக்கு ஓ, பையனுக்கு பி. சீட்டு பீரோவில் கிடந்தது. யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. என் பத்தொன்பதாவது அத்தியாயம் வந்த வெள்ளிக்கிழமை, கணவர் பாதியில் படிப்பதை நிறுத்தினார். எழுந்து போய் பீரோவைத் திறந்தார். அன்று முதல் அவர் மனைவியோடு பேசவில்லை. பையனோடும் பேசவில்லை. பையனுக்கு வயது ஏழு.

"நான் ஒரு பிழையும் செய்யவில்லை என்று உங்களிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பதில் போடவேண்டாம், தபால்காரர் அவர் கையில்தான் கொடுப்பார். நீங்கள் அடுத்த வாரம் என்ன எழுதப்போகிறீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்" என்று கடிதம் முடிந்திருந்தது. கையெழுத்து இல்லை. ஊர்ப் பெயர் இல்லை.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "உங்கள் சீட்டாட்ட டாக்டரைத் தவிர வேறு நல்ல டாக்டராகப் பார்த்துக் கேளுங்கள்" என்றாள். நாற்பது வருஷ இலக்கிய வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான விமரிசனம் அதுதான்.

மறுநாள் ஒரு மருத்துவக் கல்லூரியில் ரத்தப் பரிசோதனைத் துறையில் இருந்த அம்மாளைப் போய்ப் பார்த்தேன். நல்ல உயரம், நரைத்த தலை, பேச்சில் பூச்சு மெழுகு கிடையாது. கடிதத்தை இரண்டு முறை படித்தார். "உங்கள் நண்பர் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்லியிருக்கிறார். புத்தகத்தை முழுக்கப் படிக்கவில்லை" என்றார். பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். அதை இங்கே என்னால் முடிந்த வரையில் சொல்கிறேன்.

ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றலாம் என்ற யோசனை பழையது. 1667-ல் பாரிஸில் டெனி என்ற வைத்தியர் ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை மனிதர்களுக்கு ஏற்றினார். சித்தம் கலங்கிய ஒருவனுக்குக் கன்றின் ரத்தம். கன்று சாதுவான பிராணி, அதன் ரத்தம் ஏறினால் இவனும் சாதுவாகிவிடுவான் என்பது தர்க்கம். ஒரு நாவலாசிரியனின் மூளை வேலை செய்திருக்கிறது பாருங்கள்! அவன் செத்துப்போனான்; கோர்ட்டு வரை போயிற்று. 1818-ல் லண்டனில் பிளண்டெல் என்பவர் மனித ரத்தத்தையே மனிதனுக்கு ஏற்றிப் பார்த்தார். பின்னால் பிரசவத்தில் ரத்தம் கொட்டிச் சாகக் கிடந்த பெண்களுக்கும் ஏற்றினார். சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். சிலர் நடுங்கிச் செத்தார்கள். ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை.

புரிய வைத்தவர் வியன்னாவில் இருந்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். தன் ரத்தத்தையும் கூட வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் எடுத்து, சிவப்பு அணுக்களை ஒரு பக்கமும் தெளிந்த நீரான சீரத்தை ஒரு பக்கமுமாகப் பிரித்து, ஒருவருடையதை மற்றவருடையதோடு மாற்றி மாற்றிக் கலந்தார். சிலது பால் போலக் கலந்தது. சிலது திரிந்த பால் போலக் கட்டி கட்டியானது. அந்தக் கட்டிகளைக் கணக்குப் பார்த்து மூன்று பிரிவு என்று 1901-ல் எழுதினார். மறு வருஷம் அவருடைய சகாக்கள் நான்காவதையும் கண்டார்கள். இவ்வளவு எளிய காரியத்துக்கு 1930-ல்தான் நோபல் பரிசு வந்தது. அவர் பிறந்த ஜூன் 14-ஆம் தேதியைத்தான் இப்போது உலக ரத்த தான தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

விஷயம் இதுதான். நம் சிவப்பு அணு ஒவ்வொன்றின் மேலும் சர்க்கரைத் துணுக்குகளால் ஆன நுண்ணிய சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சங்கிலியின் முனையில் ஒருவித சர்க்கரை இருந்தால் அது ஏ. இன்னொரு வித சர்க்கரை இருந்தால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. இரண்டும் இல்லாமல் சங்கிலி மொட்டையாக நின்றால் ஓ. நம்மிடம் இல்லாத சர்க்கரையைக் கண்டால் நம் ரத்தத்துக்கு ஆகாது. அதை எதிர்க்கும் பொருள் சீரத்தில் தயாராக மிதந்துகொண்டிருக்கும். நாம் யாரிடமும் ரத்தம் வாங்காவிட்டாலும் அது உண்டு. குழந்தையின் குடலில் குடியேறும் கிருமிகளிலும் அதே மாதிரிச் சர்க்கரைகள் இருப்பதால், முதல் சில மாதங்களிலேயே உடம்பு இந்த விரோதத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறது என்கிறார்கள். பேச்சு வருவதற்கு முன்னால் பகை வந்துவிடுகிறது!

ஆகவே ஏ-காரருக்கு பி ரத்தத்தை ஏற்றினால், வந்த அணுக்களை அவருடைய சீரம் பிடித்துத் திரட்டி உடைத்துவிடும். குளிர் நடுக்கம், இடுப்பு வலி, கறுத்துப்போன சிறுநீர், சிறுநீரகம் அடைத்துப்போவது, சமயத்தில் மரணம். ஓ-காரரின் அணுவில் எதிர்ப்பதற்கு ஒன்றுமில்லாததால் அதை யாருக்கும் கொடுக்கலாம்; ஆனால் அவர் ஓ-காரரிடம் மட்டுந்தான் வாங்கமுடியும். கர்ணன் மாதிரி. ஏபி-காரர் நேர் எதிரிடை. யார் வீட்டுப் பந்தியிலும் உட்கார்ந்துவிடுவார். இதற்கு மேல் ஆர்எச் என்று ஒரு பாஸிடிவ், நெகடிவ் கணக்கும் உண்டு. 1940-ல் அதையும் லாண்ட்ஸ்டெய்னரே இன்னொருவரோடு சேர்ந்து சொன்னார். நெகடிவ்காரர்கள் நம் தேசத்தில் குறைவு. அவசரத்துக்கு அவர்களைத் தேடி ஆஸ்பத்திரிக்காரர்கள் அலைவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் எல்லாருக்கும் கொடுக்கக்கூடிய அசல் கர்ணன், ஓ-விலும் நெகடிவாக இருப்பவர்தான்.

"சரி, அம்மா, குழந்தை விஷயம்?" என்றேன்.

"ஒவ்வொருவரிடமும் இரண்டு எழுத்து. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஓ என்பது வெற்று எழுத்து. இரண்டும் வெற்றானால்தான் ஆள் ஓ. அப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் குழந்தைக்கு பி எங்கேயிருந்து வரும்? உங்கள் நண்பர் கணக்கு அதுதான். சார்லி சாப்ளின் வழக்கு தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. ஒரு நடிகை தன் பெண் குழந்தைக்கு சாப்ளின்தான் தகப்பன் என்று வழக்குப் போட்டாள். தாய் ஏ, குழந்தை பி, சாப்ளின் ஓ. டாக்டர்கள் மூன்று பேர், அவர் தகப்பனாக இருக்க முடியாது என்றார்கள். கலிபோர்னியா ஜூரிகள் 1945-ல் அவர்தான் தகப்பன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்! அந்த ராஜ்யத்துச் சட்டத்தில் அப்போது ரத்தப் பரிசோதனை முடிவான சாட்சியம் அல்லவாம். நம் ஊர் சுப்ரீம் கோர்ட்டும், தகப்பன் யார் என்று கிளற எடுத்ததற்கெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவு போடக்கூடாது என்று 1993-ல் சொல்லியிருக்கிறது. ஜூரிகளைப் பார்த்து நான் சிரித்தேன். அம்மாள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீர்கள். அங்கே ரத்தத்தை நம்பாமல் அநியாயம் செய்தார்கள். நீங்கள் ரத்தத்தை அதிகமாக நம்பி அநியாயம் செய்கிறீர்கள்" என்றார்.

பிறகுதான் பம்பாய் விஷயம் வந்தது. 1952-ல் பெண்டே என்ற டாக்டரும் சகாக்களும் பம்பாயில் சில பேரிடம் விசித்திரமான ரத்தத்தைக் கண்டு லான்ஸெட் பத்திரிகையில் எழுதினார்கள். சோதனையில் அது ஓ மாதிரிதான் இருக்கும். ஆனால் ஓ ரத்தத்தையே எதிர்க்கும். காரணம் என்னவென்றால், ஏ-யும் பி-யும் தொங்குவதற்குச் சங்கிலியில் ஒரு கொக்கி வேண்டும். எச் என்று அதற்குப் பெயர். ஓ-காரரிடம் கொக்கி உண்டு, மாட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. பம்பாய்க்காரரிடம் கொக்கியே கிடையாது. அவருக்கு பி எழுத்துப் பரம்பரையாக வந்திருக்கும். ஆனால் மாட்ட இடமில்லாமல் அது வெளியே தெரியாது. அவருடைய குழந்தைக்கு இவரிடமிருந்து பி எழுத்தும், இன்னொரு பக்கத்திலிருந்து கொக்கியும் வந்துவிட்டால் குழந்தை பளிச்சென்று பி! பார்க்கிறவர்களுக்கு ஓ-வும் ஓ-வும் சேர்ந்து பி பிறந்தது போலத் தோன்றும்.

"அப்படியானால் அந்தப் பெண்—"

"அவசரப்படாதீர்கள். நம் தேசத்தில் சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவர். சீமையில் பத்து லட்சத்தில் ஒருவர். முதலில் நான் சந்தேகப்படுவது அந்த ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய ஆளை. சைக்கிளில் அடிபட்டுக் கூச்சல் போடும் பையன், நெருக்கடி, மூன்று குழாய்கள், ஒரு பென்சில். எதுவும் மாறலாம். அவர்கள் இங்கே வந்தால் பார்க்கிறேன். ஆனால் ஒன்று, ஸார். நான் பார்த்து, சீட்டும் சரியாக இருந்து, பம்பாயும் இல்லை என்றால்? அப்போது அந்தப் பெண்ணுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் பதில் போட விலாசமும் இல்லை. அந்த வீட்டுக்குள் போகக்கூடிய ஒரே கடிதம் என்னுடைய அடுத்த அத்தியாயம்தான்.

இருபத்தொன்றாவது அத்தியாயம் வரை ஏற்கனவே அச்சுக்குப் போயிருந்தது. இருபத்திரண்டில் ஒரு நரைத்த தலை டாக்டர் அம்மாளைக் கொண்டுவந்தேன். அவர் கதாநாயகனை எதிரே உட்கார வைத்து, கொக்கியும் சங்கிலியுமாக மூன்று பக்கம் விளக்கினார். பத்திரிகாசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "தொடர்கதையில் வகுப்பு நடத்துகிறீரே! சந்தேகம் இருந்தால்தானே கதை?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். போதாததற்கு அத்தியாயத்தின் அடியில் கட்டம் போட்டு, 'இப்படிப்பட்ட ரத்தச் சீட்டு யார் வீட்டிலாவது இருந்தால் ஆசிரியருக்கு எழுதலாம், சென்னையில் மறுபடி பார்க்க ஏற்பாடு செய்யப்படும்' என்று ஒரு குறிப்பும் சேர்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் என் வீட்டு வாசலில் மூன்று பேர் நின்றார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி ஒருவர், கக்கத்தில் குடை. நாலடி தள்ளி ஓர் அம்மாள். நடுவில் ஒரு பையன். கணவர், "நீங்கள் போட்ட குறிப்பைப் பார்த்து வந்தோம்" என்றார். அந்த அம்மாள் எனக்குக் கடிதம் எழுதியது அவருக்குத் தெரியாது. நானும் காட்டிக்கொள்ளவில்லை. என் மனைவி பையனை உள்ளே அழைத்துப் போய் இட்டிலி கொடுத்தாள்.

லாபரெட்டரியில் வெள்ளைப் பீங்கான் தகட்டில் சொட்டுச் சொட்டாக ரத்தத்தை வைத்தார் டாக்டர் அம்மாள். கணவர்: கட்டியாகவில்லை. ஓ. மனைவி: கட்டியாகவில்லை. ஓ. பையன்: ஒரு பக்கச் சொட்டு நெல்லிக்காய்த் துவையல் மாதிரி திரிதிரியாகப் பிரிந்துவிட்டது. பி.

ஆக, சீட்டு எழுதிய ஆள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கணவர் குடையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். எனக்குக் கால் நடுங்கியது. மாமரத்தில் ஏற்றிக் குழந்தையைத் தள்ளிவிட்டவன் நான்தானே?

டாக்டர் அம்மாள் ஒன்றும் பேசாமல், மனைவியின் சீரத்தில் ஒரு சொட்டு எடுத்தார். அதில் கணவரின் ரத்த அணுவை விட்டுத் தகட்டை மெதுவாக ஆட்டினார். ஓ-வோடு ஓ. ஒன்றும் ஆகக்கூடாது. எங்கள் கண் முன்னாலேயே அது திரிந்தது. லாபில் ஓ-வாக இருந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டு அவன் விரலில் குத்தி அதையும் விட்டார். அதுவும் திரிந்தது. அப்புறம் ஐரோப்பாவில் விளையும் ஒரு முட்செடியின் விதைச் சாறு வைத்திருந்தார். அந்தக் கொக்கி இருந்தால்தான் அது அணுக்களைக் கட்டியாக்கும். கணவர் ரத்தத்தைக் கட்டியாக்கிற்று. மனைவியின் ரத்தம் அசையாமல் அப்படியே நின்றது.

"உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உறவு உண்டா?" என்று கேட்டார்.

"அம்மாவைத் தாய்மாமனுக்கே கொடுத்தது" என்றார் அந்த அம்மாள். அவர் வாய் திறந்து நான் கேட்ட முதல் வார்த்தை அது.

டாக்டர் அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "பையனுக்கு அப்பா யார் என்று என் தகடு சொல்லாது. அதைச் சொல்லும் பரிசோதனை உலகத்தில் எங்கும் கிடையாது. நீங்கள் நினைத்த காரணம் காரணமே அல்ல என்றுதான் அது சொல்லுகிறது. மற்றது உங்கள் பாடு" என்றார். (டிஎன்ஏ கைரேகை என்கிறார்களே, அது 1984-ல்தான் வந்தது.) கணவர் தலையை ஆட்டினார். ஆனால் டாக்டர் அம்மாளுக்கு அவரிடம் அக்கறை தீர்ந்துவிட்டது. அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரசவத்தில் ரத்தம் ஏதாவது ஏற்றினார்களா?" என்றார்.

"நிறையப் போயிற்று. இரண்டு பாட்டில் வாங்கி வந்தார்கள். சேரவில்லை, சேரவில்லை என்று லாபிலிருந்து திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நர்ஸ் அவர்களைத் திட்டினாள். அதற்குள் தானாக நின்றுவிட்டது."

டாக்டர் அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிரிவு ஒன்றாக இருந்தாலும், கொடுப்பவரின் அணுவை வாங்குபவரின் சீரத்தோடு ஒரு தடவை கலந்து பார்த்த பிறகுதான் பாட்டிலைத் தொங்கவிடவேண்டும் என்பது விதி. நடுராத்திரியில் யாரோ முகம் தெரியாத லாப் ஆள் அந்த விதியை விடாமல் பிடித்துக்கொண்டு, திட்டு வாங்கியிருக்கிறார். ஏன் சேரவில்லை என்று மறுநாள் யாரும் கேட்கவில்லை. "ஓ என்று நம்பி அந்தப் பாட்டிலை ஏற்றியிருந்தால் இவர் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டார். யாருக்கும் இவர் கொடுக்கலாம். பம்பாய்க்காரரிடம் மட்டுந்தான் வாங்கலாம். கூடப் பிறந்தவர்களை எல்லாம் கூட்டி வாருங்கள்" என்றார்.

கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். அக்காவுக்குச் சேரவில்லை, பெரிய தம்பிக்கும் சேரவில்லை. கடைசித் தம்பி ஒருவனுக்குத்தான் அதே ரத்தம். 1974-ல் அந்த அம்மாளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷன் ஆயிற்று. தம்பி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அந்த நாளில் ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் விற்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். 1998-ல்தான் அது சட்டப்படி நின்றது. அந்த வரிசை முழுவதையும் விலைக்கு வாங்கினாலும் அவருக்கு ஒரு சொட்டு உதவியிருக்காது. ஊருக்கு 1995-ல் மும்பை என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ரத்தத்துக்கு மட்டும் இன்றைக்கும் பம்பாய்தான்.

என் தொடர்கதை இருபத்தாறாவது வாரத்தில் முடிந்தது. கதாநாயகன் மழையில் திரும்பி வருகிறான், கதாநாயகி கதவைத் திறக்கிறாள், குழந்தை 'அப்பா!' என்கிறது. சுபம்.

ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு அந்த அம்மாள் எனக்கு இரண்டாவது கடிதம் எழுதினார். இந்தத் தடவை விலாசம் இருந்தது. தம்பி ரத்தம் கொடுத்தது, பையன் ஐந்தாவது வகுப்புப் படிப்பது, கணவர் பத்திரிகையை இப்போது உரக்கப் படிப்பதில்லை என்பது எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில், "உங்கள் கதையில் அந்தப் பெண் ஒரு வார்த்தையும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டாளே, ஏன்?" என்று கேட்டிருந்தார்.

1975-ல் நாவல் புத்தகமாக வந்தபோது கடைசி அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். அவன் கதவைத் தட்டுகிறான். உள்ளே விளக்கு எரிகிறது. அதோடு நிறுத்திவிட்டேன். கையெழுத்துப் பிரதியில் ஒரு பக்கம் விட்டுப்போய்விட்டதா என்று கேட்டுப் பிரசுரகர்த்தர் ஆள் அனுப்பினார்.